காட்டேரிக் கதையை யார் சொல்வது?

(ராயகிரியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காலையிலே களையெடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இராஜபாளையத்துப் பக்கம் பகல் ஷிப்டு முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கி, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசலாம். குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசலாம். பேய்க்கதையைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. வாசலில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டே விட்டார்: "ஏன் அண்ணாச்சி, உயிரோடு இருக்கிறவன் பாடே பெரும்பாடா இருக்கு. செத்தவ கதை நமக்கு எதுக்கு?"

நல்ல கேள்வி. அதற்கு நான் கடைசியில் பதில் சொல்கிறேன். அதற்குள் அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இரத்தம் குடிக்கும் பேய்க்குத் தமிழில் காட்டேரி என்று பெயர். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டு போகப்பட்ட நம் ஜனங்கள், காட்டேரியம்மனைக் கடல் கடந்து கயானா வரையில் கொண்டு போனார்கள். சீமையிலே இதற்கு வேறு பெயர். அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான நாவல்களும் சினிமாக்களும் வந்துவிட்டன, இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் கைப்பேசியிலே பார்க்கிறார்கள். பழைய கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லுகிறவன் மாறுகிறான். சொல்லும் விதம் மாறுகிறது. விதம் மாறினால் நியாயம் மாறிவிடும். இதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

நீலி யார்?

முதலில் நம் வீட்டுக் கதையை எடுத்துக்கொள்வோம்.

திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூர் என்று ஓர் ஊர். அந்த ஊர் நீலியின் கதை உங்களுக்குத் தெரியும். முற்பிறவியில் ஒருவன் ஒரு பெண்ணைக் கொன்றான். மனைவியைக் கொன்றான் என்று ஒரு பாடம். தாசி மகளை, அவள் நகைக்காகக் கொன்றான் என்று நம் தென்பாண்டிச் சீமையின் பாடம். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், எலும்பு ஒன்றுதான். அவன் மடியில் தலை வைத்து அவள் தூங்கினாள். அவன் கல்லைத் தலையில் போட்டான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அவன் மறுபிறவியில் வியாபாரியாகப் பிறந்து பழையனூர் வழியாக வருகிறான். கையில் அவனைக் காக்கும் ஒரு கத்தி. நீலி கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் விசாரிக்கிறார்கள். "இவள் பேய்" என்று அவன் கதறுகிறான். "கத்தியைக் கொடு, அவளோடு தங்கு, உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறக்கூடாதென்று எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதை தேவாரக் காலத்திலேயே தெரிந்திருந்த கதை. சேக்கிழாரும் அறிந்த கதை. எதற்காக அதைப் பெரியோர்கள் சொன்னார்கள்? எழுபது பேரின் வாய்மைக்காகச் சொன்னார்கள். அவர்கள் தீப்பாய்ந்ததற்கு அங்கே நினைவுச் சின்னமும் உண்டு. அந்த வாய்மை பெரிதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கள்ளியின் அடியில் மண்டை உடைந்து செத்தாளே, அவளுக்கு மொழி என்ன கொடுத்தது தெரியுமா? ஒரு பழமொழி கொடுத்தது. "நீலிக் கண்ணீர்" என்று! பொய்யழுகை அழுகிறவளைப் பார்த்து இன்றைக்கும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். கொலையுண்டவள் அழுத அழுகை, ஆயிரம் வருஷமாகப் பொய்யழுகைக்குப் பெயராக இருக்கிறது!

அவள் ஏன் பொய் சொன்னாள் என்று யாராவது கேட்டோமா? "இவன் என்னைக் கொன்றான்" என்று அந்தச் சபையில் சொன்னால் எடுபடுமா? செத்தவள் வாக்குமூலத்தை எந்தச் சபை ஏற்கும்? "இவன் என் புருஷன்" என்றால்தான் வழக்கே எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பொய் அந்தச் சபையில் செல்லுமோ, அந்தப் பொய்யை அவள் சொன்னாள்.

இதே நீலி தெற்கே வந்ததும் என்ன ஆனாள்? இசக்கி ஆனாள். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தலில் கோயில் கொண்டாள். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் அவள் கதையைப் பாடும்போது எங்கிருந்து தொடங்குகிறார்? அவள் பிறப்பிலிருந்து தொடங்குகிறார். அவள் கொலையுண்ட இடத்தில் நிற்கிறார். நின்று, அவள் குரலிலேயே ஒப்பாரி வைக்கிறார். கூட்டத்தில் உள்ள தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். புலவர்கள் கதையை எழுபது பேரின் பக்கம் நின்று சொன்னார்கள். வில்லுக்காரர் கதையைக் கள்ளிச்செடியின் பக்கம் நின்று சொல்கிறார். பாத்திரம் ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

பேயை வாதாட வைத்தவர்கள்

கதையைப் புரட்டிச் சொல்லும் வித்தை ஏதோ நேற்றுச் சீமையிலே கண்டுபிடித்தது என்று எண்ணாதீர்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜைனர்கள் செய்த நூல். அதிலும் பழையனூர் நீலிதான் வருகிறாள். தவம் செய்யும் ஜைன முனிவரைப் பயமுறுத்தி விரட்ட அவளை அனுப்புகிறார்கள். முனிவர் பயப்படவில்லை. பேய்தான் தோற்கிறது. தோற்ற பேய் அவரிடம் பாடம் கேட்கிறது. பிறகு ஊர் ஊராகப் போய், மற்றச் சமயத்துப் பண்டிதர்களோடு வாதாடி வெல்கிறது.

யோசித்துப் பாருங்கள். சபையில் பொய்யழுகை அழுதவள் என்று ஊர் ஏசியவளை, சபையில் தர்க்கம் பேச வைத்துவிட்டார்கள்! ஜைனர்கள் அதைத் தங்கள் சமயத்துக்காகச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் கதை சொல்வோருக்கு அதிலே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எதிரி வாயில் பழியாக இருந்த பாத்திரத்தை எடுத்து, அதற்கு ஒரு வாயைக் கொடுத்தால் போதும். பழைய கதை முழுவதும் தலைகீழாகும்.

பிணம் பிரபுவான கதை

இனிச் சீமைக்குப் போவோம்.

1730களில் ஆஸ்திரியர்களின் ஆட்சியிலிருந்த செர்பியக் கிராமங்களில், செத்தவர்கள் எழுந்து வந்து இரத்தம் குடிப்பதாகப் பெரும் பீதி. ராணுவ வைத்தியர்கள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை பத்திரிகைகளில் வந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்தக் காலத்துக் காட்டேரி யார்? கிராமத்து ஏழைதான். பக்கத்து வீட்டுக் குடியானவன், நேற்றுச் செத்தவன். நோயில் ஊர் சாகும்போது, காரணம் தெரியாத ஜனங்கள் செத்தவன் மேல் பழி போட்டார்கள்.

அந்தக் காட்டேரிக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிப் பிரபுவாக்கியவர் பாலிடோரி என்ற இளம் வைத்தியர். பைரன் பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்தவர். 1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரையில் பைரனும் ஷெல்லியும் கூட்டாளிகளும் பேய்க்கதை எழுதப் போட்டி போட்டார்கள். அந்தப் பேச்சில் முளைத்ததுதான் பாலிடோரியின் கதை. அதிலே காட்டேரி ஒரு பிரபு. விருந்துக்குப் போகிறான், சிரிக்கிறான், இரத்தம் குடிக்கிறான். சம்பளக்காரன் எஜமானனைப் பார்த்தே அந்தப் பேயை வார்த்தான்! வேடிக்கை இதுவல்ல. 1819ல் அந்தக் கதை பத்திரிகையில் வந்தபோது யார் பெயரில் வந்தது தெரியுமா? பைரன் பிரபுவின் பெயரில் வந்தது. எழுதியவன் கூலிக்காரன்; பெயர் எஜமானனுக்கு. நமக்குத் தெரியாத கதையா இது?

அதற்குப் பிறகு காட்டேரி பணக்காரனாகவே இருந்தான். 1867ல் கார்ல் மார்க்ஸ் மூலதனம் நூலை வெளியிட்டபோது, வேலைநேரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இந்தக் காட்டேரியைத்தான் உவமையாக எடுத்தார். இயந்திரமும் கட்டிடமும் பணமும் முன்னே செய்த உழைப்பு, செத்த உழைப்பு. அது உயிரோடிருப்பவனின் உழைப்பை உறிஞ்சித்தான் நடமாடுகிறது என்பது அவர் கருத்து. இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வீட்டுக்கு நடந்தவனுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

முப்பது வருஷம் கழித்து, 1897ல், பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் "டிராகுலா" நாவலை வெளியிட்டார். இன்று வரையில் வந்த காட்டேரிச் சினிமாக்களுக்கெல்லாம் அதுதான் விதைநெல். அதில் மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது: டிராகுலா பெரிய கோட்டைக்குச் சொந்தக்காரன்; ஆனால் கோட்டையில் ஒரு வேலைக்காரன் கிடையாது. வந்த விருந்தாளி, பிரபுவே படுக்கை விரிப்பதையும் மேஜை போடுவதையும் கதவிடுக்கில் பார்த்துவிடுகிறான். அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடிக்கிறது. உழைக்க ஆளில்லாத அரண்மனை என்றால் அது பிணத்தின் வீடுதான்!

இரண்டாவது: ஒரு கட்டத்தில் ஒருவன் டிராகுலாவைக் கத்தியால் வீசுகிறான். கத்தி கோட்டைக் கிழிக்கிறது. உள்ளேயிருந்து என்ன கொட்டுகிறது? நோட்டுக் கட்டும் தங்கக் காசும் கொட்டுகின்றன!

மூன்றாவதுதான் முக்கியம். இந்த நாவலை ஆசிரியர் நேராகச் சொல்லவில்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு, கப்பல் தலைவனின் குறிப்பு என்று பல காகிதங்களாகவே நாவல் இருக்கிறது. மீனா என்ற பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, தேதி வரிசையில் அடுக்குகிறாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வரிசையாக வைத்துப் படித்ததும், பேய் எங்கே வந்தது, எப்போது வந்தது, எந்த வீட்டை வாங்கியது என்பது வெளியாகிறது. டிராகுலா தன் ஊர் மண்ணை 50 பெட்டிகளில் லண்டனுக்குக் கொண்டு வந்து, பல வீடுகளில் ஒளித்து வைக்கிறான். அவை எங்கே போயின என்று வக்கீலுக்கும் டாக்டருக்கும் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? பெட்டி சுமந்த வண்டிக்காரர்களுக்குத் தெரியும்! ஸ்மாலெட் என்ற வண்டிக்காரன் கால்சட்டைப் பின்புறத்திலிருந்து மூலை மடங்கிய ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுக்கிறான். எந்தத் தெருவில் எத்தனை பெட்டி இறக்கினோம் என்று அதிலே இருக்கிறது. காட்டேரியைப் பிடித்துக் கொடுத்தது சுமை கூலியின் கணக்கு.

ஆனால் அந்த நாவலில் வண்டிக்காரன் இரண்டு பக்கம் வந்து, கொடுத்த காசில் குடித்துவிட்டுப் போய்விடுகிறான். வீரமெல்லாம் பிரபுக்களுக்கும் டாக்டர்களுக்கும். இதையும் மறக்கக்கூடாது.

புதிதாகச் சொன்னவர்கள்

டிராகுலா நாவலில் எல்லோரும் பேசுகிறார்கள். டிராகுலா மட்டும் தன் கதையைச் சொல்லவில்லை. இந்த ஓட்டையைப் பிற்கால எழுத்தாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1975ல் ஃபிரெட் சேபர்ஹேகன் எழுதிய நாவலில், டிராகுலாவே ஒலிப்பதிவு நாடாவில் தன் பக்கத்து நியாயத்தைப் பேசுகிறான். 1976ல் ஆன் ரைஸ் எழுதிய நாவலில், ஒரு காட்டேரி நிருபருக்குப் பேட்டி கொடுக்கிறான். தன் தனிமையை, தன் துக்கத்தைச் சொல்கிறான். படிக்கிறவன் மனம் இளகுகிறது. அந்தக் காட்டேரி முன்பு யார்? அடிமைகளை வைத்து வேலை வாங்கிய தோட்ட முதலாளி. அவன் துக்கத்தைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். அந்தத் தோட்டத்து அடிமைகளின் துக்கத்தை யார் பேட்டி எடுத்தார்கள்?

ஆகவே தோழர்களே, கதையைப் புரட்டிச் சொல்வதெல்லாம் நியாயமாகிவிடாது. வாயில்லாதவனுக்கு வாய் கொடுப்பது ஒரு வகை. ஏற்கெனவே பெரிய வாய் உள்ளவனுக்கு இன்னொரு வாய் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் உத்தி ஒன்றே; பலன் வேறு.

2025ல் வந்த இரண்டு படங்களைச் சொல்கிறேன். ஒன்று அமெரிக்காவின் ரயன் கூக்ளர் என்ற கறுப்பின இயக்குநர் எடுத்த "சின்னர்ஸ்". 1932, மிசிசிப்பிப் பருத்திக் காடு. பகலெல்லாம் பருத்தி எடுக்கும் ஜனங்கள், ராத்திரி பாட ஓர் இடம் வேண்டுமென்று ஒரு பழைய மரமில்லை ஆட்டபாட்டக் கூடமாக்குகிறார்கள். தோட்டத்தில் கொடுத்த செல்லாக் காசைத்தான் சிலர் கையில் கொண்டு வருகிறார்கள். அது தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லும். அப்போது காட்டேரி வந்து வாசலில் நிற்கிறான். அழைக்காமல் உள்ளே வர முடியாது என்பது பழைய விதி. அவன் இனிக்க இனிக்கப் பேசுகிறான்: எங்களோடு சேர்ந்தால் நிறவேற்றுமை இல்லை, எல்லோரும் ஒன்று என்கிறான். அவர்களுடைய பாட்டின் மேல்தான் அவனுக்குக் கண். இரவு முழுதும் அவனோடு போராடி விடிந்தால், பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெறியர் கூட்டம் துப்பாக்கியோடு வருகிறது. ராத்திரிப் பேயை வெயில் எரித்துவிடும். பகல் பேயை எது எரிக்கும்? இதுதான் அந்தப் படம் கேட்கும் கேள்வி. உத்தி என்னவென்றால், விடிந்த காலையில், தப்பித்த ஒரு பையன் உடைந்த கிடாரோடு கோயிலுக்குள் வருவதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது. உயிர் தப்பிய தொழிலாளியின் சாட்சியமாக முழுக் கதையும் நிற்கிறது.

மற்றொன்று நம் நீலியே! கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்றால், கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அடக்கிய யட்சி என்பதுதான் பழைய கதை. 2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கிய மலையாளப் படம் "லோகா" அவளை இன்றைய பெங்களூரில் வாழும் பெண்ணாகக் காட்டியது. அவள் பிறப்பை எங்கே வைத்தது தெரியுமா? கோயிலுக்குள் நுழையக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட காட்டு ஜனங்களிடையே வைத்தது. அரசனின் ஆட்கள் அவள் ஜனங்களை அழித்த பிறகுதான் அவள் இரத்தம் குடிப்பவளாகிறாள். யட்சி பிறந்த காரணம் யட்சியிடம் இல்லை. அரசனிடம் இருக்கிறது என்று கதை திரும்பிவிட்டது.

நம் பக்கத்திலேயே கதையை எதிர்த்திசையில் திருப்பியதும் உண்டு. முத்துப்பட்டன் கதை உங்களுக்குத் தெரியும். பிராமணப் பையன், சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாட்டுக் கிடையைக் காக்கப் போராடிச் செத்தான். பிற்காலத்தில் பாடியவர்கள், அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு வரவைச் சேர்த்துவிட்டார்கள். நம் நெல்லைச் சீமையின் ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை இந்த ஒட்டுவேலையை எடுத்துக் காட்டினார். ஒரு சிறு ஒட்டு. ஆனால் கதையின் முதுகெலும்பை முறிக்கும் ஒட்டு!

ஆலைக்குள் பேய்

பேய்க்கதை கட்டுவது எழுத்தாளர்கள் மட்டும் அல்ல. 1920களிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சியின் தீயணைப்புப் படைக்காரர்கள் கறுப்பர்களைப் பிடித்து இரத்தம் எடுக்கிறார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நடந்த செய்தியாகப் பார்த்தால் அது பொய். ஆட்சியைப் பற்றிய அபிப்பிராயமாகப் பார்த்தால்?

மலேசியாவில் 1978ல், சுங்கை வே என்ற இடத்து அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், ஏறத்தாழ 120 பெண்களுக்குப் பேய் பிடித்தது. நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை செய்த பெண்கள் அவர்கள். 3 நாள் ஆலையை மூடினார்கள். மந்திரவாதியைக் கூப்பிட்டு ஓர் ஆட்டை வெட்டினார்கள். அந்தப் பெண்கள் "கண் வலிக்கிறது, ஓய்வு கொடு" என்று வாயால் கேட்டிருந்தால் ஆலையை 3 நிமிஷம் நிறுத்தியிருப்பார்களா?

இப்போது என் கதையைச் சொல்கிறேன். ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லமாட்டேன். 1980களில் நான் ஒரு நூற்பாலையில் டாஃபிங் வேலை பார்த்த பையன். வைண்டிங் பகுதியில் பேய் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் நிச்சயம். ராத்திரி 2 மணிக்கு, தலைவிரிகோலமாக ஒரு பெண் மிஷினுக்குப் பின்னால் நடப்பாள் என்பார்கள். மேஸ்திரியே சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை பூசணிக்காய் உடைத்து, கோழி அறுத்து, சாமியாடியை வைத்துக் கட்டுக் கட்டினார்கள். செலவு ஆலையுடையது.

பேய் வருவதற்கு ஒரு மாதம் முன்னே நடந்தது என்ன? ஒரு பெண்ணின் கூந்தல் பெல்ட்டில் சிக்கியது. பத்தொன்பது வயசு. அந்தப் பெண் செத்தாள். ஆனால் ஆலையின் மஸ்டரில் அன்று ராத்திரி அவள் பெயரே கிடையாது. ஏன்? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி அக்காலத்தில் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரையில் எந்தப் பெண்ணையும் ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது. ஆகவே வேலை செய்தாலும் எழுதமாட்டார்கள். "அவள் வேலைக்கு வரவில்லை, எதற்கோ உள்ளே நுழைந்திருக்கிறாள்" என்று முடித்துவிட்டார்கள். காகிதத்தின்படி அந்த நேரத்தில் ஆலைக்குள் பெண்ணே இல்லை. அப்படியானால் அங்கே நடமாடும் பெண் யார்? பேய்தான்! பேய்க்கதை எவ்வளவு சௌகரியமாகப் பொருந்துகிறது பார்த்தீர்களா?

அந்த ஆலையில் கழிவுப்பஞ்சு கூட்டும் ஓர் ஆச்சி இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பது அவள்தான். சம்பளத்தன்று காசு வசூலிப்பாள். யார் எத்தனை டீ குடித்தார்கள் என்பதற்குத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் அடையாளம் போட்டு வைப்பாள். ஒருத்திக்குக் கோடு, ஒருத்திக்கு வட்டம், ஒருத்திக்குச் சீப்பு. செத்துப்போன பெண்ணுக்கு ஒரு பூ. அவள் செத்த ராத்திரியின் தாளில் அந்தப் பூ இருந்தது! டீக்காசு பாக்கி.

ஆச்சி அந்தத் தாள்களைச் சங்கத்துக்கு எடுத்து வந்தாள். "ஏலே, இவ பேய் இல்லை. பேயா இருந்தா டீ குடிப்பாளா? எனக்குக் காசு தரணும்லே அவ" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கினோம். எந்தெந்த ராத்திரி எத்தனை பெண்கள் வேலை பார்த்தார்கள் என்பது கண்ணெதிரே வந்தது.

காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டே வழக்கில் வென்றுவிடவில்லை. அதிகாரிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் கோடும் வட்டமும் யாருக்கு உரியவையோ, அந்த இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். "அன்று ராத்திரி நாங்களும் அவளோடு வேலை பார்த்தோம்" என்றார்கள். அப்படிச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார்கள். ஒருத்திக்குப் போயும் போயிற்று. பல வருஷம் அலைந்த பிறகு, செத்தவளின் தாயாருக்கு ஒரு தொகை கிடைத்தது. அது நியாயமான தொகை அல்ல. ஆனால் அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது செத்தாள் என்று காகிதத்தில் ஏறியது. அதற்கப்புறம் வைண்டிங் பகுதியில் யாரும் பேயைப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து டிராகுலா நாவலைப் படித்தபோது, வண்டிக்காரனின் குறிப்புப் புத்தகம் வந்த இடத்தில் எனக்கு ஆச்சியின் காலண்டர் தாள்தான் ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நாம் கேட்க வேண்டியது

ஆகையால், இனிமேல் பேய்க்கதை கேட்டாலும், பேய்ப்படம் பார்த்தாலும், நாலு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இந்தக் கதையை யார் வாயால் கேட்கிறோம்? கதை எங்கே தொடங்குகிறது? பேய் கொன்ற இடத்திலா, அவள் கொலையுண்ட இடத்திலா? யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? இந்தக் கதையை நம்பினால் யாருக்கு லாபம்?

பயத்தைக் கேலி செய்யச் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு வேனில் போகிற நம் பெண்பிள்ளைகளின் பயம் பொய்ப் பயம் அல்ல. புளியமரத்துக்குப் பயப்படாதே என்று சொல்லிவிட்டு, இருட்டான பாதைக்கு விளக்குக் கேட்காமல் இருந்தால், நாமும் பழையனூர்ச் சபைதான்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் ஆலையில், கிணற்றில் விழுந்தவள், மருந்து குடித்தவன், வரப்பில் மின்கம்பி பட்டுச் செத்தவன் என்று பேயாகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று பாட்டிமாரிடம் கேளுங்கள். அவர்களுக்கு என்ன நடந்தது, என்ன வருஷம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று விசாரியுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளை வைத்து எழுதி வையுங்கள். வில்லிலே பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள். அலங்காரம் வேண்டாம். தேதியும் பெயரும் சரியாக இருந்தால் போதும்.

பெரியவர் கேட்டார் அல்லவா, செத்தவ கதை நமக்கு எதுக்கு என்று? ஐயா, அவளுடைய டீக்கணக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான்.